நல்கையும் நினைவும்: கொழும்புத் தமிழர் ஆவணங்களும் எண்ணிமப்படுத்தலும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாறு எழுதப்படுவதற்கு அச்சமுதாயம் விட்டுச்சென்ற சான்றுகள் எஞ்சியிருத்தல் வேண்டும். சான்றுகள் எஞ்சுவது தற்செயலாக நிகழ்வதன்று. எதனைப் பேணுவது, எதனைக் கைவிடுவது என்னும் தெரிவு ஒவ்வொரு காலத்திலும் செய்யப்பட்டே வந்துள்ளது. அத்தெரிவினைப் பெரும்பாலும் தீர்மானித்தது பொருள்வளமே என்பதை வரலாற்று மாணவர் நன்கறிவர். சுவடிகளை ஏடுபெயர்த்து எழுதிய காலத்துக்கும், அச்சேற்றிய காலத்துக்கும், எண்ணிமப் படிமங்களாக மாற்றும் இன்றைய காலத்துக்கும் இவ்வுண்மை ஒருங்கே பொருந்தும்.

கடந்த இருபதாண்டுகளில் இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் முயற்சிகள் பல நடைபெற்றுள்ளன. இவற்றுட் சில மக்களின் சிறு நன்கொடைகளாலும், வேறு சில பிறநாட்டு நிறுவனங்கள் வழங்கிய நல்கைகளாலும் நிறைவேறின. நல்கைகள் எவ்வகை ஆவணங்களைக் காத்தன, எவற்றைக் காவாது விட்டன, கூட்டுமுயற்சி எனப்படுவதில் நமது பங்கு யாது என்பனவற்றை, கொழும்பு மாநகரின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புரவலரும் பதிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் வெளியிட்ட பதிப்புகள் சிலவற்றுக்கு இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் பொருளுதவி கிடைத்தது. 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் சிதைந்தழிவதையும் தமக்கு நேர்ந்த பொருள் இடர்களையும் தம் பதிப்புரைகளில் எடுத்துரைத்தார். அப்பதிப்புரைகளை இன்று வாசிக்குமிடத்து, அவை ஒருவகையில் நல்கை வேண்டும் விண்ணப்பங்களாகவும் அமைந்திருந்தன என்பது புலனாகும். அழியும் பொருள் யாது, அதன் அருமை யாது, அதனைக் காக்கத் தேவைப்படுவது யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவற்றில் விடையுண்டு. இன்றைய விண்ணப்பப் படிவங்களும் இவற்றையே வினவுகின்றன.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அன்றைய புரவலரும் பதிப்பாசிரியரும் ஒரே மொழியுலகைச் சார்ந்தோர். சமய, இலக்கிய நூல்களின் அருமையை அவர்கள் ஒருவருக்கொருவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே அவ்வுலகுக்குப் புறம்பாக நின்ற கணக்கேடுகள், உழைப்பாளரின் துண்டுப்பிரசுரங்கள், நாட்டார் வழக்குகள் என்பன புரவலர் கண்ணிற் படாது போயின. ஆக, தெரிவு என்பது அயலார் வருகையோடு தோன்றியதன்று. புரவலர் மாறுந்தோறும் தெரிவின் எல்லையும் மாறிவந்தது என்பதே உண்மை.

2. அரசும் ஆவணக்காப்பும்

கொழும்பில் ஆவணக்காப்பு அரசின் தேவையையொட்டியே வளர்ந்தது. 1640 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி விட்டுச்சென்ற ஏறத்தாழ 7,000 தொகுதிகள் இன்று தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. காணி உரிமையைப் பதிந்த தோம்புகள் இவற்றுள் அடங்கும். ஆர். ஜி. அந்தோனிஸ் 1907இல் இவ்வொல்லாந்த ஆவணங்கள் பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். இலங்கை உட்படப் பல நாடுகளில் பேணப்படும் இக்கம்பனி ஆவணங்கள் 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவற்றைப் பட்டியலிடுவதற்கும் பேணுவதற்கும் நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்களும் அரச நிதியும் துணைநின்றன. ஒல்லாந்தரின் வரலாறும் அத்தாள்களில் இருந்தமையால் அவ்வாதரவு இயல்பாகவே கிடைத்தது எனலாம்.

அச்சிட்ட நூல்களைப் பொறுத்தவரை, 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் ஒரு திருப்புமுனையாகும். அச்சகத்தார் தாம் அச்சிட்ட நூல்களின் பிரதிகளை அரசுக்குக் கையளித்தல் வேண்டும் என அது விதித்தது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஆவணங்களின் காப்பினை மேலும் முறைப்படுத்தியது. இவற்றின் பயனாகத் தமிழ் நூல்கள் பலவும் நாளிதழ்களும் காக்கப்பட்டன என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும் சட்டத்தின் கண் நூலையும் பத்திரிகையையுமே கண்டது. கோயிற் கணக்குகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், நாடக அழைப்பிதழ்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பாடசாலை இடாப்புகள் ஆகியன அரச ஆவணமும் அல்ல. கையளிக்கப்பட வேண்டிய நூலும் அல்ல. இறந்தோரின் நினைவாக முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு எனப்படும் சிறுநூல்கள், அச்சேறியவையாயினும், உறவினர் வீடுகளிலன்றிப் பிறிதோரிடத்தில் முறையாகச் சேர்ந்தமை அரிது. குடிப்பெயர்வு, தொழில், மணவுறவு ஆகியன பற்றி ஆராய்வோருக்கு இக்கல்வெட்டுகளினும் சிறந்த மூலம் வேறு யாது?

3. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

கொழும்பின் வடபால் உள்ள கொட்டாஞ்சேனையும் அதன் சுற்றுப்புறமும் தமிழரின் வணிக, சமய, அச்சு வரலாற்றில் முதன்மை வாய்ந்தவை. செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்கள், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில், 1902இல் தோன்றிய விவேகானந்த சபை, புனித லூசியா பேராலயம், புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி என்பன ஒன்றுக்கொன்று அணித்தாய் அமைந்தவை. 1930இல் தொடங்கிய 'வீரகேசரி' கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்தது. 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' பின்னாளில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதிக்குப் பெயர்ந்தது. துறைமுகத் தொழிலாளர், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், கொழும்புச் செட்டிகள், பரதவர், முஸ்லிம் வணிகர், மலையகத்திலிருந்து வந்தோர் எனப் பலதிறத்தார் தமிழ் வழங்கிய பகுதி இது.

தென்பால் உள்ள வெள்ளவத்தை, அரச உத்தியோகத்தரும் கல்வியாளரும் குடியேறி வளர்ந்த பகுதியாகும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்கே ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் நூலகத்தோடு இயங்கி வருகின்றது. ஆடிவேல் விழாவிற் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல், காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வது இரு பகுதிகளையும் இணைக்கும் மரபாகும். அவ்விழாவின் வரவுசெலவுக் கணக்குகள் முழுமையாகக் கிடைக்குமாயின், கொழும்புத் தமிழ் வணிகத்தின் ஏற்ற இறக்கங்களை ஆண்டுவாரியாக எழுதிவிடலாம்.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். இலங்கைத் தமிழர் வரலாறு பற்றிய ஆய்வுகள் யாழ்ப்பாணத்தை நடுவணாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டன. கொழும்பு, பிழைப்பின் நிமித்தம் வந்து தங்கும் இடமாகவே கருதப்பட்டது. வந்துதங்குவோரின் தாள்களை எவரும் ஆவணமாகக் கொள்வதில்லை. கொழும்புத் தமிழர் பற்றிய மூலங்கள் சிதறிக் கிடப்பதற்கு இம்மனப்பான்மையும் ஒரு காரணமாகும்.

4. அழிவும் விழிப்பும்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவ்விழப்பு உலகறிந்ததாயிற்று. இரண்டாண்டுகளின் பின், 1983 ஜூலையில், கொழும்பிலே தமிழரின் இல்லங்களும் கடைகளும் எரியூட்டப்பட்டபோது அழிந்த தாள்களுக்கோ தொகையுமில்லை, பட்டியலுமில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்த நூலடுக்கு, கடிதக்கட்டு, நிழற்படத் தொகுப்பு, கடைக் கணக்கேடு என்பன தனித்தனியே அழிந்தமையால், அவற்றின் கூட்டிழப்பு ஒரு நூலக இழப்பாக எண்ணப்படவில்லை. ஒரு கட்டடம் எரிந்தால் இழப்புக்கு முகவரி உண்டு. பல்லாயிரம் அலுமாரிகள் எரிந்தால் அதற்கு முகவரி இல்லை.

ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்தல் கூடாது என்னும் பாடத்தை இவ்வழிவுகள் புகட்டின. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னுரைகளாக்கிக் காட்டியது. அதன் பின்னர் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்கும் நோக்குடன் 2005இல் நூலகத் திட்டம் தொடங்கியது. வெள்ளவத்தையில் அலுவலகம் கொண்டு இயங்கிய நூலக நிறுவனம், நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள், துண்டறிக்கைகள் என இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை மின்வருடிப் பொதுவெளியில் வைத்துள்ளது. இதன் செலவிற் பெரும்பகுதியை உள்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் தனியாட்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஏற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தனிப்புரவலர் இடத்தைப் பலரின் சிறுகொடை பிடித்தது என்பது சமூக வரலாற்று நோக்கிற் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

5. பிறநாட்டு நல்கைகள்

தமிழகத்தின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கற்பாலது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவரது மறைவின் பின் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. அத்தொகுப்பு அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லப்படாது, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. அதனை நுண்படச் சுருள்களாக்கும் பணிக்கு அமெரிக்க அரசின் மானிடவியற் புலமைக்கான தேசிய நிதியம் உதவியது. மூலம் தன் நிலத்தில் இருக்க, பிரதி உலகெங்கும் செல்லலாம் என்னும் கொள்கைக்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும்.

2004இல் பிரித்தானிய நூலகம், ஆர்க்கேடியா நிதியத்தின் கொடையைக் கொண்டு, அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டமொன்றைத் தொடங்கியது. மூலப்படிகள் நாட்டைவிட்டு நீங்கலாகாது. எண்ணிமப் பிரதியொன்று உள்நாட்டு நிறுவனத்திலும் மற்றொன்று பிரித்தானிய நூலகத்திலும் இருத்தல் வேண்டும். வாங்கிய கருவிகள் உள்நாட்டுப் பங்காளரிடமே தங்கவேண்டும் என்பன அதன் அடிப்படை விதிகள். ஓராண்டுக்கு உட்பட்ட முன்னோடி ஆய்வுக்கு 15,000 பவுண் வரையும், பெருந்திட்டத்துக்கு 150,000 பவுண் வரையும் நல்கை வழங்கப்பட்டது. வட இலங்கையின் ஓலைச்சுவடிகளை எண்ணிமப்படுத்தும் பணிக்கு நூலக நிறுவனம் இத்திட்டத்தின் உதவியைப் பெற்றது. ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்துடன் அது கொண்ட கூட்டுறவு, பல்லூடக ஆவணகம் ஒன்றை அமைக்க வழிசெய்தது.

இந்நல்கைகளால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் அவற்றின் விதிகள் தெரிவின் எல்லையையும் வகுத்தன. பிரித்தானிய நூலகத் திட்டம் பொதுவாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட ஆவணங்களையே ஏற்றது. ஓலைச்சுவடிக்கு அவ்விதி இடந்தந்தது. 1950களின் பின் கொழும்பில் வெளிவந்த சிற்றிதழ்களுக்கும், தொழிற்சங்க அறிக்கைகளுக்கும், மொழியுரிமை பற்றிய துண்டுப்பிரசுரங்களுக்கும் இடமிருக்கவில்லை. மலிந்த தாளில் அச்சிடப்பட்ட இவையோ ஓலையினும் விரைந்து அழிவன. மரக்கூழ்த் தாளிலுள்ள அமிலம், கொழும்பின் ஈரமும் வெப்பமும் கூடிய காற்றிலே, சில பத்தாண்டுகளில் தாளைப் பழுப்பேற்றி நொறுக்கிவிடுகின்றது. இக்குறையை உணர்ந்தே 2018இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம், அதே நிதியத்தின் ஆதரவுடன், இருபதாம், இருபத்தோராம் நூற்றாண்டு ஆவணங்களுக்கெனத் தனியானதொரு திட்டத்தைத் தொடங்கியது.

அண்மைக் கால ஆவணங்களுக்குப் பதிப்புரிமையும் தடையாகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிலவும். திறந்த அணுக்கத்தை நல்கை வழங்குவோர் வேண்டுகின்றனர். உரிமையாளரோ மறைந்தும் புலம்பெயர்ந்தும் போயினர். அவர்தம் வாரிசுகளைத் தேடி இசைவு பெறும் உழைப்பை எந்தக் கருவியும் செய்யாது. உறவும் ஊரறிவும் கொண்ட உள்ளூராரே அதனைச் செய்தல் கூடும். கூட்டுமுயற்சியில் நமது பங்களிப்பு வெறும் மின்வருடற் கூலியாகக் கருதப்படுமாயின், இவ்வறிவு கணக்கில் வாராது போகும்.

6. நல்கை முடிந்த பின்

நல்கைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, காப்புக்கோ முடிவில்லை. ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 15 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் கொண்ட பத்திரிகைப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அளவில், வண்ணத்தில், சுருக்காது வருடினால் அது ஏறத்தாழ 90 மெகாபைற்று இடங்கொள்ளும். நாளொன்றுக்கு 8 பக்கம், ஆண்டொன்றுக்கு 300 இதழ் எனக் கொண்டால், ஓராண்டின் தொகுதிக்கு 200 கிகாபைற்றுக்கு மேல் வேண்டும். முப்பதாண்டுகளுக்கு அது 6 ரெறாபைற்றைத் தாண்டும். பிரதிகள் மூன்று வைப்பின் அதுவும் மும்மடங்காகும். சேமிப்புக் கருவிகள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்பட வேண்டியவை. திட்டக்காலம் முடிந்தபின் இச்செலவை ஏற்பவர் யார் என்ற வினா விண்ணப்பம் எழுதும் நாளிலேயே எழுப்பப்படல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வினாவைக் கூர்மையாக்கியது. சில வாரங்களுள் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேற்சென்றது. வெளிநாட்டுப் பணத்தில் வந்த நல்கை ரூபாக் கணக்கிற் பெருகியது. உள்நாட்டார் வழங்கிய கொடையோ பெறுமதி இழந்தது. வருடியும் வன்தட்டும் இறக்குமதிப் பொருள்களாதலின் அவற்றின் விலை ஏறியது. மின்வெட்டு நாளொன்றில் 13 மணிநேரம் வரை நீடித்தபோது மின்வருடற் பணி எங்ஙனம் நடைபெறும்? அயல்நிதியைச் சார்ந்திருத்தலும் உள்நிதியை மட்டும் நம்பியிருத்தலும் தத்தமக்குரிய இடர்களைக் கொண்டவை என்பது இதனாற் பெறப்படும்.

அயல்நாட்டுப் பிரதி என்றும் நிலைக்கும் என்னும் நம்பிக்கையும் ஆட்டங்கண்டுள்ளது. 2023 ஒக்ரோபரிற் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் படிமங்களும் நெடுங்காலம் இணைய வழியே அணுக முடியாதிருந்தன. உள்நாட்டுப் பிரதியைச் செவ்வனே பேணியோர் தம் பணியைத் தொடர்ந்தனர். அதனை வெறும் விதிநிறைவுக்காகப் பெட்டியிலிட்டு வைத்தோர், தம் ஆவணத்தைத் தாமே காணமாட்டாது இருந்திருப்பர். 1981இல் யாழ்ப்பாணத்தில் நெருப்பு உணர்த்திய பாடத்தை, 2023இல் இலண்டனில் நெருப்பில்லாமலே நாம் மீண்டும் கற்றோம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நல்கை வழங்குவோரின் விதிகள் எதிர்கால வரலாற்றின் எல்லைகளையும் வரைகின்றன. இரண்டாவது, அவ்வெல்லைக்கு வெளியே நிற்கும் ஆவணங்களைச் சமுதாயத்தின் சிறுகொடையே இதுவரை காத்துவந்துள்ளது. மூன்றாவது, கூட்டுமுயற்சி சமநிலையுடையதாக அமைவது, உள்ளூர்ப் பங்காளர் தம்மிடம் இருப்பது யாது என்பதை முன்னரே அறிந்திருப்பதிற் பெரிதும் தங்கியுள்ளது.

மூன்றாவதே நமது கைக்குள் அடங்குவது. எந்த நல்கைக்கும் முதற்படி பட்டியலாகும். கொட்டாஞ்சேனையின் எக்கோயிலில் எவ்வாண்டு முதற் கணக்கேடுகள் உள்ளன, வெள்ளவத்தையின் எவ்வீட்டில் எவ்விதழின் முழுத்தொகுதி உள்ளது, எச்சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு எவர் பொறுப்பில் உள்ளது என்பவற்றை அறிவதற்கு வருடியோ பெரும்பணமோ வேண்டியதில்லை. குறிப்பேடும் பொறுமையும் போதும். பட்டியல் தமிழெழுத்திலேயே அமைதல் வேண்டும். உரோம எழுத்துப்பெயர்ப்பில் மட்டும் பதியப்படின், ஒரே இதழ் நான்கு வேறு பெயர்களில் ஒளிந்துகொள்ளும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றோடு இப்பட்டியற் பணியையும் மேற்கொள்ளுதல் பொருத்தமுடைத்து. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு தொகுதியையேனும் பதிந்து வருவாராயின், சில ஆண்டுகளிற் கொழும்புத் தமிழர் ஆவணங்களின் கையேடொன்று உருவாகும். அடுக்குமாடிகள் எழுவதற்காகப் பழைய வீடுகள் இடிக்கப்படும் வெள்ளவத்தையிலும், முதியோர் மறைய அவர்தம் அலுமாரிகள் பழைய கடதாசிக்காரரிடம் செல்லும் கொட்டாஞ்சேனையிலும் அதற்கான காலம் குறுகி வருகின்றது. நல்கை நாளை கிடைக்கலாம். அந்நாளிற் கையளிப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்குமா என்பதை முடிவு செய்வது இன்றைய நமது உழைப்பேயாகும்.